செவ்ஜித்திடம் விழ வந்தவர்கள்

மங்கோலியாவின் ஆர்கான்காய் மாகாணத்தில் எங்கள் பள்ளத்தாக்குப் பக்கம் செவ்ஜித் வருவதற்கு முன்னால் அவள் குரல் வந்துவிடும். குன்றுக்கு அந்தப் பக்கம் யாரையோ திட்டிக்கொண்டு வருவது இந்தப் பக்கம் மேயும் யாக் மாடுகளுக்கே கேட்கும். திட்டு மங்கோலிய மொழியில் இருந்தால் அது அவள் தம்பி கோம்போவுக்கு. கொரிய மொழியில் இருந்தால், சியோலிலிருந்து பயிற்சிக்கு வந்திருக்கும் யாரோ ஒரு பெரிய அதிகாரிக்கு. எங்கள் வீட்டுக் குழந்தைகளுக்குக்கூட அந்த வித்தியாசம் தெரியும்.

ஆமாம், பயிற்சிதான். பெரிய பெரிய நிறுவனங்கள் முன்பின் தெரியாத ஒரு நாட்டில் கிளை திறக்கப்போகும்போது, அதற்குத் தலைவராகப் போகிறவரை முதலில் வேறு எங்காவது தள்ளிவிட்டுப் பார்க்கின்றன. வகுப்பில் உட்கார்ந்து படித்துவிட்டுப் போனவர்கள் போன இடத்தில் குப்புறக் கவிழ்ந்தபிறகு வந்த யோசனை இது. பதவி கிடையாது, காரியதரிசி கிடையாது. ஒரு கோடையில் சில வாரங்கள், தன்னை யாருக்கும் தெரியாத ஊரில், தெரியாத ஒரு வேலையைச் செய்தாக வேண்டும். அப்படி வருகிறவர்களைத் தலைநகர் உலான்பாத்தரில் இருக்கும் ஷாரவ் என்பவர் பிரித்து அனுப்புவார். சிலர் தையற்கூடத்துக்கு, சிலர் பள்ளிக்கூடத்துக்கு. ரொம்ப விறைப்பாக இருப்பவர்களைப் பொறுக்கியெடுத்து செவ்ஜித்தின் பால் சங்கத்துக்கு அனுப்பிவைப்பார்.

அவர் அவளுக்குச் சொல்லிவைத்த விதி ஒன்றுதான். "விழறவரைப் பிடிக்காதீங்க. விழட்டும். அடிபட்டு எழுந்திருக்கறதுதான் பயிற்சியே."

இந்த விதி செவ்ஜித்துக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. ஒருவர், காலை ஒன்பதுக்கு எல்லோருக்கும் கூட்டம் என்று அறிவித்துவிட்டுக் கூடாரத்தில் மத்தியானம் வரை தன்னந்தனியாக உட்கார்ந்திருந்தார். மாடு கறக்கிற நேரத்தில் எவன் வருவான்? அவள் வாயைத் திறக்கவில்லை. இரண்டு தடவை உப்புத் தேநீர் மட்டும் கொண்டுபோய் வைத்தாள். இன்னொருவர் யாக் மாட்டை வீட்டு நாய் மாதிரி கொஞ்சப் போனபோது மட்டும் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தாள். ஷாரவின் விதி மாட்டுக்குத் தெரியாதே என்று பிறகு விளக்கம் சொன்னாள்.

அவளுக்குக் கொரிய மொழி வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூடத்தில் அவள் கைப்பந்து ஆடியவள், மாகாணப் போட்டி வரை போனவள். கல்யாணமாகி மந்தையோடு இருந்தபோது ஒரு கொடும் பனிக்காலம் வந்து மந்தையைச் சாய்த்துவிட்டுப் போனது. நகரத்துக்கு வேலை தேடிப் போன கணவன் அங்கேயே வேறு குடித்தனம் வைத்துக்கொண்டான். அவள் அழுதாளா என்று யாரும் பார்க்கவில்லை. கொரியாவில் இஞ்சியோன் பக்கம் கார் கதவுக்கு ரப்பர் பட்டை செய்யும் தொழிற்சாலைக்குப் போய், ஐந்து வருடம் நின்றுகொண்டே வேலை செய்தாள். மொழி கற்றுக்கொண்டது அங்கே இருந்த மேஸ்திரியின் வாயிலிருந்து. ஆகவே அவளிடம் இருக்கும் கொரிய மொழி முழுக்க மேஸ்திரி மொழி. வா, போ, தூக்கு, சீக்கிரம், கண்ணு என்ன பிடரியிலா இருக்கு. மரியாதைச் சொற்கள் அந்த ரப்பர்க் கூடத்தில் புழங்கவில்லை, அதனால் அவளிடம் வந்து சேரவும் இல்லை.

"வேணும்னா கத்துக்கிட்டிருக்க மாட்டேனா?" என்பாள். "அஞ்சு வருஷம் அவங்க என்னை வெரட்டினாங்க. இப்ப கோடைக்குக் கோடை நான் வெரட்டறேன். சரியாப் போச்சு."

சும்மா சொல்லக் கூடாது. திரும்பி வந்தவள் சேமிப்பை வைத்துக்கொண்டு நகரத்தில் வீடு பார்க்கவில்லை. பாலைக் குளிர வைக்கும் பெரிய தொட்டி ஒன்று வாங்கி, லாரியில் ஏற்றி, இந்த மேட்டுக்குக் கொண்டுவந்து இறக்கினாள். அதுவரை எங்கள் கோடைப்பால் ஜீப்பில் வரும் தரகன் சொன்ன விலைக்குத்தான் போகும். அவன் வராத நாளில் புளித்துத்தான் போகும். அவள் கூடாரம் கூடாரமாகக் குதிரையில் போய்ப் பேசிப் பேசி ஆள் சேர்த்தாள். முதலில் சேர்ந்தது தோல்கோரின் வீடு. தோல்கோர் அவளோடு ஒரே அணியில் கைப்பந்து ஆடியவள். பந்தைவிட நாக்கு வேகமாக வரும். இன்றைக்கு எங்கள் பிள்ளைகள் மாகாண விடுதியில் தங்கிப் படிப்பது அந்தத் தொட்டியால்தான். ஆனால் தொட்டி பாதியாவது நிறைந்தால்தான் மாகாணப் பால்பண்ணையின் லாரி இவ்வளவு தூரம் ஏறி வரும். நிறையவில்லையென்றால் அந்தக் கோடைக்கு வேறு பள்ளத்தாக்குப் பக்கம் போய்விடும். ஒரு கோடை போனால் சங்கமே போனமாதிரிதான்.

பியோ இன்-சொப் வந்தது கோடை நடுவில் வரும் நாதாம் திருவிழா முடிந்த வாரம். ஐம்பதை நெருங்கிய மெலிந்த மனிதர், கழுத்துப் பொத்தான்வரை பூட்டிய சட்டை. தாஷ்கந்தில் புதிதாகத் திறக்கப்போகும் கிளைக்கு அவர்தான் தலைவர் என்று பேச்சு. ஜீப்பிலிருந்து இறங்கித் தலை குனிந்து வணங்கி நிமிர்வதற்குள் செவ்ஜித் ஆரம்பித்துவிட்டாள்.

"யோவ், நிக்கறதுக்கா வந்தே? அந்தக் கேனைத் தூக்கு. சீக்கிரம், சீக்கிரம்!"

பியோ ஆடிப்போனார். ராணுவத்திலிருந்து வெளியே வந்தபிறகு அவரை யாரும் இப்படிக் கூப்பிட்டதில்லை. ஒரு கணம் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு கேனைத் தூக்கிக்கொண்டு, "எங்க வைக்கணுங்க?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியிலேயே அவளுக்கு அவரைப் பிடித்துவிட்டது. மற்றவர்கள் முதல் நாளே திட்டம் போடுவார்கள். இவர் கேன் கழுவினார். விடிவதற்கு முன்னால் எழுந்து கோம்போவின் வண்டியில் ஏறிக் கூடாரம் கூடாரமாகப் போய்ப் பால் எடுத்து வந்தார். ஆட்டுக்கொழுப்பை முகம் சுளிக்காமல் தின்றார். தொட்டியின் மூடியில் கசிவு இருந்ததைக் கண்டுபிடித்தபோதும், "இந்த ரப்பரை நான் மாத்தலாமா?" என்று அனுமதி கேட்டார்.

"தள்ளு. ரப்பர் என் தொழில்," என்று அவளே மாற்றினாள். ஆனால் ராத்திரி சாப்பாட்டில் அவருக்குத்தான் கொழுத்த துண்டு விழுந்தது.

பத்துப் பதினைந்து நாள் பார்த்துவிட்டுத்தான் பியோ தன் யோசனையைச் சொன்னார். வீட்டுக்கு வீடு கேன் ஒரு தினுசு. அலுமினியம், பிளாஸ்டிக், ஒடுங்கியது, மூடிக்குப் பதில் துணி அடைத்தது. ஒரு கேனில் பால் கெட்டால் தொட்டியே கெடுகிறது. எல்லா வீட்டுக்கும் ஒரே மாதிரி எஃகுக் கேன் கொடுப்போம். பால் நிறைந்த கேனை எடுத்துக்கொண்டு, கொதிநீரில் கழுவிய கேனை வைத்துவிட்டு வருவோம். செவ்ஜித்துக்கு உடனே பிடித்தது. நல்ல யோசனையும்கூட. அதன்பிறகு பால் புளிக்கவே இல்லை. நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

வினை வந்தது மூட்டையில். கோம்போவின் வண்டியில் எப்போதும் ஒரு மூட்டை இருக்கும். மிட்டாய், கட்டித் தேயிலை, உப்பு, கொஞ்சம் மாவு, யாராவது கேட்டிருந்தால் நூற்கண்டு. கழுவிய கேனைத் திருப்பிக் கொடுக்கும்போது அதற்குள் ஒரு கைப்பிடி எதையாவது போட்டுக் கொடுப்பான்.

"இது எதுக்குங்க?" என்று பியோ கேட்டார்.

செவ்ஜித் யோசித்துப் பார்த்தாள். சங்கம் தொடங்கிய நாளிலிருந்து செய்வதுதான். கை பாட்டுக்குச் செய்துகொண்டிருந்தது. எதற்கு என்று அவளை யாரும் கேட்டதில்லை. "சும்மாத்தான். புள்ளைங்க திங்கும்."

"கழுவின கேன்ல சர்க்கரையும் மாவும் ஒட்டினா, கழுவினதே வீணாச்சேங்க."

அதுவும் சரிதானே என்று பட்டது. உண்மையைச் சொன்னால், சியோலிலிருந்து வந்த மனிதருக்கு முன்னால் பட்டிக்காடாகத் தெரியக் கூடாது என்ற எண்ணமும் அவளுக்கு இருந்தது. ஐந்து வருடம் அந்த ஊரில் பட்டிக்காடு என்று பேர் வாங்கியவள். "மூட்டையை எறக்குடா," என்றாள் தம்பியிடம்.

கோம்போ தலையைச் சொறிந்தான். "வெறும் கேனையா குடுக்கறது? நல்லாவா இருக்கும் அக்கா?"

"மூட்டையில பாதி உன் வாயிக்குள்ள போகுது, அது நின்னுடுமேன்னு கவலை. ஏறு வண்டியில!"

அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஏறினான். அதற்கப்புறம் இதைப் பற்றிப் பேசவே இல்லை.

அடுத்த வாரம் மூன்று வீடுகள் பால் தரவில்லை. மாடு வற்றிவிட்டதாம். அதற்கடுத்த வாரம் இன்னும் சில வீடுகள். ஒருவருக்கு விருந்தாளி, ஒருவருக்கு இடுப்புவலி, ஒருவர் மேய்ச்சலுக்கு மேலே போகப்போகிறார். புல் முழங்கால் அளவு நிற்கும் மாதத்தில் எந்த மாடு வற்றும்? பிறகு ஒருநாள் தோல்கோரின் வீட்டிலிருந்தும் பால் வரவில்லை. தொட்டியில் பால் பாதிக்குக் கீழே இறங்கிவிட்டது. பால்பண்ணை லாரியின் ஓட்டுநர் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார்: "அடுத்த வாரமும் இப்படின்னா நான் ஏற மாட்டேன். மேலிடத்துல டீசலுக்குக் கணக்கு கேக்கறாங்க."

செவ்ஜித் தரகனைத்தான் சந்தேகப்பட்டாள். அவன் ஜீப்பை ஆற்றுப்பாலத்தில் மறித்து, இறங்கவைத்து, உள்ளே தலையை விட்டுப் பார்த்தாள். அவன் தலைமேல் அடித்துச் சத்தியம் செய்தான், ஒரு சொட்டு கூடுதலாக வரவில்லையென்று. பாலை எல்லோரும் வீட்டிலேயே காய்ச்சித் தயிர்க்கட்டியாகக் கூரைமேல் உலர்த்திக்கொண்டிருந்தார்கள். அதை அவளே கண்ணால் பார்த்தாள். ஒன்றும் புரியவில்லை.

தோல்கோரிடம் போனாள். தோல்கோர் கம்பளம் விரித்தாள், தேநீர் ஊற்றினாள், பாலாடை வைத்தாள், போன வருட மல்யுத்தத்தைப் பற்றி, கடைசி மகளின் பல்லைப் பற்றி எல்லாம் பேசினாள். "என்னடி கோபம் உனக்கு?" என்று கேட்டால், "கோபமா? எனக்கா? இன்னொரு கிண்ணம் ஊத்தட்டுமா?" என்றாள். செவ்ஜித் நான்கு கிண்ணம் குடித்துவிட்டு எழுந்து வந்தாள். வரும் வழியில் குதிரையை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தாள். சங்கம் போவதுகூட அப்போது அவளுக்கு இரண்டாம்பட்சம். தோல்கோர் தன்னிடம் மனதை மூடிக்கொண்டது அப்படி வலித்தது.

குன்றின்மேல் ஏறினால்தான் போன் எடுக்கும். ஏறி ஷாரவைக் கூப்பிட்டாள்.

"அற்புதம்!" என்றார் ஷாரவ். "அவர் விழறார். பிடிக்காதீங்க."

"யோவ் ஷாரவ், அவன் என் தலைமேல விழுந்துக்கிட்டிருக்கான்யா!"

கீழே இறங்கி நேராக பியோவிடம் போனாள். விதியாவது மண்ணாவது. "உன் எஃகுக் கேனாலதான் எல்லாம். பழைய கேனையே குடுக்கப் போறேன்."

"பால் கெடுமேங்க."

"பாலே இல்லை, கெடறதுக்கு என்ன இருக்கு?"

பியோ கழுவிக்கொண்டிருந்த கேனைக் கீழே வைத்தார். பிறகு, "என்னை ஒரு தடவை எல்லா வீட்டுக்கும் அனுப்புங்க. கேனில்லாம, வண்டியில்லாம," என்றார். "நான் செஞ்சது என்னன்னு தெரிஞ்சுக்காம ஊருக்குப் போனா, தாஷ்கந்த்லயும் அதையேதான் செய்வேன்."  

கோம்போவின் குதிரையைக் கொடுத்து அனுப்பினாள். நாள் முழுக்கச் சுற்றிவிட்டு வந்தார். எல்லா வீட்டிலும் தேநீர் கிடைத்தது, ஒரு வீட்டிலும் பதில் கிடைக்கவில்லை. தோல்கோர் மட்டும், "ஒல்லியா இருக்கே, தின்னு," என்று கைஜாடை காட்டி, ஒரு நீலப் பூப்போட்ட எனாமல் பாத்திரம் நிறையத் தயிர் கொடுத்தனுப்பியிருந்தாள். பால் கொடுக்க மாட்டாள், ஆனால் வந்தவனைப் பசியோடு அனுப்பவும் மாட்டாள். எங்கள் ஆட்கள் அப்படித்தான்.

மறுநாள் காலை செவ்ஜித் தொட்டிப்பக்கம் வந்தபோது பியோ அந்தப் பாத்திரத்தைக் கழுவித் துடைத்து வைத்துவிட்டு, தன் பெட்டியைத் தலைகீழாகக் கொட்டி எதையோ தேடிக்கொண்டிருந்தார். காலுறை, மருந்து, சட்டை எல்லாம் புல்லில் கிடந்தன.

"என்னத்தைத் தொலைச்சே?"

"ஒண்ணும் தொலைக்கலைங்க. இந்தப் பாத்திரத்தைத் திருப்பிக் குடுக்கணும். உள்ளே போட ஏதாவது கெடைக்குமான்னு பாக்கறேன்." கடைசியில் ஜின்செங் வேர் மிட்டாய்ப் பொட்டலம் ஒன்று அகப்பட்டது. அதைப் பாத்திரத்துக்குள் வைத்தார். "பக்கத்து வீட்டுக்காரங்க குடுத்த பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் குடுத்தா எங்கம்மா கொன்னே போட்டுருவாங்க."

செவ்ஜித் பாத்திரத்தைப் பார்த்தாள். மிட்டாயைப் பார்த்தாள். கொட்டகை ஓரம் வரிசையாகக் கவிழ்த்து வைத்திருந்த, பளபளவென்று கழுவிய, வெறும் எஃகுக் கேன்களைப் பார்த்தாள். பியோவும் அவள் பார்வை போன பக்கம் திரும்பினார். அவர் கை பாத்திரத்தின் மேலேயே நின்றுவிட்டது.

"ஐயோ," என்றார் பியோ.

செவ்ஜித் புல்லில் தொப்பென்று உட்கார்ந்தாள். பாலை நிறைத்துக் கொடுத்தவர்களின் வீட்டு வாசலில் தினம் தினம் வெறும் கேனைக் கொண்டுபோய் வைத்திருக்கிறாள். அதுவும் காலை வேளையில், கறவை முடிந்த கையோடு. அவளைப் பெற்றவள் ஒரு கரண்டியைக்கூட வெறுமனே திருப்பிக் கொடுத்ததில்லை. இது எப்படி மறந்தது? வெட்கத்தில் அவள் காதெல்லாம் சுட்டது.

"கோம்போ!" என்று கத்தினாள். "ஏண்டா எங்கிட்டச் சொல்லலே?"

"சொன்னேனே அக்கா!"

"ஒரு தடவைதானேடா சொன்னே!"

"ரெண்டாவது தடவை சொல்லியிருந்தா அடிச்சிருப்பே."

அது உண்மைதான். முதலில் பியோதான் சிரித்தார். அப்புறம் கோம்போ. கடைசியில் அவளும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்தபோது கண் ஈரமாக இருந்தது.

இதுவே வேறு யாராவது என்றால், மூட்டையை மறுபடியும் வண்டியில் ஏற்றி கோம்போவை அனுப்பிவிட்டு நடக்காதது மாதிரி இருந்திருப்பார்கள். செவ்ஜித் அப்படிச் செய்யவில்லை. அதனால்தான் அவளைப் பற்றி எழுதத் தோன்றியது. நல்ல உடுப்பை எடுத்து உடுத்திக்கொண்டு, பால் நிறுத்திய ஒவ்வொரு வீட்டுக்கும் தானே போனாள். வண்டியிலிருந்தபடி நீட்டாமல், இறங்கி, கேனை இரண்டு கையாலும் ஏந்திக் கொண்டுபோய்க் கொடுத்தாள். உள்ளே பொட்டலமாகக் கட்டிய தேயிலையும் மிட்டாயும். பொட்டலம் கட்டியது பியோ. கேனும் கெடாது, வெறுமையாகவும் இருக்காது என்று. எல்லா வீட்டிலும் அவள் சொன்னது ஒன்றுதான்: "புத்தி கெட்டுப்போச்சு, மனசுல வெச்சுக்காதீங்க." அவ்வளவு உரத்த குரல் உள்ளவள் அதை அவ்வளவு மெதுவாகச் சொன்னாள் என்று கேட்டவர்கள் சொன்னார்கள்.

தோல்கோரின் வீட்டுக்குக் கடைசியாகப் போனாள். தோல்கோர் கேனைத் திறந்து, உள்ளே எட்டிப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"இப்பதான் கண்ணு தொறந்துதா? கொரியாவுக்குப் போயிட்டு வந்த மகாராணி, நம்ம வழக்கத்தை மறந்துட்டாள்னு நெனச்சேன்."

"மறந்துதாண்டி போச்சு. நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? நாலு கிண்ணம் தேநீர் குடிச்சேனே!"

"என்னன்னு சொல்றது? எனக்கு மிட்டாய் போடுன்னா?" தோல்கோர் கேன் மூடியைத் தட்டி மூடினாள். "கேட்டு வாங்கற சமாசாரமாடி அது?"

 இரண்டு பேரும் வாசலில் கேனை நடுவில் வைத்துக்கொண்டு நின்றார்கள். "சரி, சரி, பந்து வெளியில போனா போச்சு, அடுத்த பந்தைப் பாரு," என்று தோல்கோர் அவளை உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். மறுநாள் அவள் வீட்டுக் கேன் கழுத்துவரை நிறைந்து வந்தது. வாரக்கடைசியில் லாரி வந்தபோது தொட்டி பாதியைத் தாண்டியிருந்தது.

ஷாரவ் போனில் கேட்டார்: "ஆள் விழுந்தாரா?"

"ரெண்டு பேரும் விழுந்தோம். அவன்தான் முதல்ல எழுந்தான். போய் தாஷ்கந்துக்கு அனுப்பச் சொல்லு," என்றாள் செவ்ஜித்.

பியோ கிளம்பும்போது அவள் ஒரு சின்னக் கேனில் உலர்ந்த தயிர்க்கட்டி நிரப்பி, ஜீப்பில் ஏறி உட்கார்ந்தவர் மடியில் வைத்தாள். அவர் ஜீப்பிலிருந்து இறங்கி, வந்த நாளைவிடக் கீழே குனிந்து வணங்கினார். "யோவ், நேரமாச்சு, சீக்கிரம்!" என்றாள். வேறென்ன சொல்ல அவளுக்குத் தெரியும்? அந்த மேஸ்திரி அதற்கெல்லாம் வார்த்தை கற்றுக்கொடுத்திருக்கவில்லை.

அடுத்த கோடை. புது அதிகாரி ஒருவர் வந்து இறங்கினார். புதுக் காலணி, புது விறைப்பு. ஆனால் ஒரு பழைய சின்னப் பால்கேனைக் குழந்தை மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு வந்திருந்தார். "பியோ அவர்கள் தாஷ்கந்த்லேர்ந்து எங்க அலுவலகத்துக்கு அனுப்பினாருங்க. உங்ககிட்ட ரெண்டு கையாலயும் குடுக்கணும்னு மட்டும் சொன்னாரு. எதுக்குன்னு கேட்டேன், சிரிச்சாரு."

போன கோடையில் அவள் கொடுத்தனுப்பிய அதே கேன். செவ்ஜித் மூடியைத் திறந்தாள். கேன் நிறைய உலர்ந்த ஆப்ரிகாட் பழம், கழுத்துவரை. வெயில் காய்ந்த வாசனை குப்பென்று வந்தது. அவள் கேனுக்குள் முகத்தை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் எடுக்கவே இல்லை. அழவில்லை, மோந்துதான் பார்த்தேன் என்று கோம்போவிடம் இன்றுவரை சாதிக்கிறாள்.

"இது எதுக்குங்க?" என்று கேட்டார் புது அதிகாரி.

சொல்லிவிடலாமா என்று அவள் வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள். "அதை எறக்கி வெச்சுட்டு இந்தக் கேனைத் தூக்கு. சீக்கிரம், சீக்கிரம்!"

மறுநாள் விடிகாலை வண்டியில் போன எல்லாக் கேன்களிலும் ஒரு பிடி ஆப்ரிகாட் இருந்தது. தோல்கோரின் வீட்டுக் கேனில் இரண்டு பிடி.